புகையில் தொடங்கிய போராட்டம்

சென்ற வாரம் கீழ்க்கட்டளை ஏரியின் கலங்கல் வரை வந்து நின்றோம். இந்த வாரம் அந்தத் தண்ணீரின் பின்னாலேயே நடப்போம். கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அது நிரம்பினால் பள்ளிக்கரணைக் கழுவெளி, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இந்த வழியில்தான் கோவிலம்பாக்கம் உட்கார்ந்திருக்கிறது. இன்று பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலையில் போகிறவர்களுக்கு அது ஜவுளிக்கடையும் பிரியாணிக்கடையும் அடுக்குமாடிகளுமாக ஓடும் ஒரு நிறுத்தம். கொஞ்சம் கிழக்கே போனால் கட்டடங்கள் சட்டென்று விலகிக்கொள்ள, இரு பக்கமும் கோரையும் தண்ணீரும் தெரியும். கழுவெளியில் மிச்சமிருப்பது அதுதான்.

மிச்சம் என்று சும்மா சொல்லவில்லை. 1960-களில் சுமார் 5,500 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு இது. தென்சென்னையின் 31 ஏரிகள், ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைநீர், எல்லாம் இங்கே வந்து தங்கி, பிறகுதான் கடலுக்குப் போகும். இந்த நூற்றாண்டு பிறந்தபோது அதில் பத்தில் ஒரு பங்குதான் சதுப்பாக இருந்தது.

தின்றது யார்? மனைத் தரகர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் முதல் பந்தியில் உட்கார்ந்தது அரசாங்கம். ஏரிக்கு ஆயக்கட்டு உண்டு, அதனால் கேட்க விவசாயி உண்டு. உழவும் முடியாத, வரியும் தராத கழுவெளிக்கு யார் இருக்கிறார்கள்? புறம்போக்குதானே என்று எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே வந்தது. காற்றாலை ஆராய்ச்சி மையம் வந்தது. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது. 200 அடிச் சாலை சதுப்பை நடுவில் வகிர்ந்துகொண்டு போனது. சாலைக்கு வடக்கே பெருங்குடியில் மாநகராட்சி குப்பை கொட்டியது. கடலையும் காற்றையும் ஆராயும் நிறுவனங்களைத் தண்ணீர் நிற்கும் இடத்தில் கட்டியது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

போராட்டத்தைத் தொடங்கி வைத்தது அந்தக் குப்பைதான். லாரி லாரியாகக் கொட்டிய மலையில் எப்போதும் எங்காவது தீ கனிந்துகொண்டே இருக்கும். உள்ளிருக்கும் இரும்பையும் செம்பையும் எடுக்கக் கொளுத்துகிறவர்கள் ஒரு பக்கம், வெயிலில் தானாகப் பற்றிக்கொள்வது ஒரு பக்கம். காற்று திரும்பினால் சுற்றுவட்டாரக் குடித்தனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். மாடியில் காயும் துணியை எடுத்து உதறினால் கரி கொட்டும். வீட்டுக்கடன் வாங்கிக் குடிவந்த நடுத்தர வர்க்கத்துக்குப் பொறுக்க முடியாமல் போனது இது. 2000-களின் தொடக்கத்தில் பள்ளிக்கரணை, பெருங்குடி, வேளச்சேரிப் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் சேர்ந்து சதுப்புநிலத்தைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கின. மனு, ஊர்வலம், பத்திரிகைக்காரர்களை அழைத்துக் காட்டுவது என்று எல்லாம் நடந்தது.

அவர்களில் பலர் பறவைக்காக வரவில்லை. பிள்ளைகளின் மூச்சிரைப்புக்காக வந்தார்கள். அவர்கள் குடியிருந்த நகர்களில் சிலவும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற தாழ்நிலம்தான். இதைச் சொல்லி அவர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்கிற இடம் கெடுகிறது என்று கூச்சல் போட அங்கே வாழ்கிறவனுக்குத்தான் முதல் உரிமை. பறவை பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

பறவையைக் கணக்கில் சேர்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜெயஸ்ரீ வெங்கடேசன். 2000-இல் அவரும் ரஞ்சித் டேனியல்ஸும் தொடங்கிய 'கேர் எர்த்' அறக்கட்டளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகக் கழுவெளியை ஆராய்ந்தது. எவ்வளவு மிச்சமிருக்கிறது, என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று காகிதத்தில் வந்தது. நாற்றமடிக்கிறது என்ற புகாருக்கு அதிகாரிகள் மருந்து தெளிப்பார்கள். அரிவாள் மூக்கனும் நீளவால் இலைக்கோழியும் கண்ணாடி விரியனும் வாழும் நிலம் என்று ஆய்வறிக்கை வந்தால் கோப்பு வனத்துறைக்கு நகரும். நகர்ந்தது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. மரமே இல்லாத காடு! ஆனாலும் சட்டத்தின் பார்வையில் காடு, ஆகவே பட்டா போட முடியாது.

நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் 2007-இல்தான் வந்தது. கல்கத்தாக்காரர்கள் நமக்கு முன்னோடிகள். கிழக்குக் கல்கத்தா சதுப்பைக் காக்கப் பொதுநல வழக்குப் போட்டு 1992-இலேயே அங்குள்ள உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டார்கள். அங்கே கழிவுநீரில் மீன் வளர்த்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் துணை நின்றன. இங்கே சதுப்பில் மீன்பிடித்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் குரல் போராட்டத்தில் அவ்வளவாகக் கேட்கவில்லை. நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தாழ்நிலத்தில் இறக்கிவிடப்பட்டவர்களை யாரும் கேட்கவே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் முதலில் நனைகிறவர்கள் அவர்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு விட்டார்கள். இடைப்பட்ட 2022-இல் கழுவெளிக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. ஈரானில் ராம்சர் என்ற ஊரில் 1971-இல் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் பட்டியல் அது. எல்லை 1,247 ஹெக்டேர் என்று எழுதினார்கள். வனத்துறை கையில் இருப்பதோ ஏறத்தாழ 700. மீதி யாருடையது, கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் அடுத்த சண்டை.

2025-இல் அது வெடித்தது. செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதியை நிறுத்தி வைக்கச் சொன்னது. பெரும்பாக்கத்தில் எழவிருந்த பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர்நீதிமன்றம் அக்டோபரில் இடைக்காலத் தடை விதித்தது. சொந்தமாக ஒரு கிரவுண்டு வைத்து வீடு கட்டக் காத்திருந்த சாதாரண மனிதர்களும் இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. எல்லையை நேரத்தில் அளந்து கல் நடாதது அவர்கள் குற்றமில்லை.

கோவிலம்பாக்கத்துக்கு இன்னொரு சிக்கல். 2011-இல் பள்ளிக்கரணையும் பெருங்குடியும் மாநகராட்சிக்குள் போனபோது இது ஊராட்சியாகவே நின்றது. ஏரி ஒரு துறை, சாலை ஒரு துறை, தெருக்கால்வாய் ஊராட்சி, சதுப்பு வனத்துறை. தண்ணீருக்கு மட்டும் ஒரே வழி. ஜெயஸ்ரீக்கு 2025-இல் ராம்சர் விருது கிடைத்தது. கழுவெளிக்கு முழுமையான எல்லைக்கல் நட்டிருந்தால் அவரே இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கம் மனை பார்க்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த சர்வே எண் 'அ' பதிவேட்டில் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், பழைய கிராம வரைபடத்தையும் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஏரி, ஓடை, கழுவெளி, மேய்க்கால் என்று ஏதாவது தென்பட்டால், பத்திரம் எத்தனை சுத்தமாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த வாரம் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் போகலாம்.