வத்தலக்குண்டு சாலையில் இறங்கிய காப்பி

திண்டுக்கல்லின் பேகம்பூர்ப் பகுதியைக் கடந்து ஊரை விட்டு வெளியேறும் வத்தலக்குண்டு சாலை, செம்பட்டி தாண்டியதும் மலையைப் பார்த்தபடி ஓடத் தொடங்குகிறது. மேற்கே தெரிவது கீழ்ப் பழனி மலை. பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களங்கொம்பு என ஊருக்கு ஊர் அங்கே காப்பித் தோட்டம். கார்த்திகை, மார்கழியில் போனால் செடி முழுக்கச் சிவந்த பழம். ஆனால் காப்பி என்று சொன்னதும் தமிழர்களின் நினைவுக்கு வருவது கும்பகோணம். கொட்டை எங்கே விளைகிறது என்று கேட்டால் குடகு, சிக்மகளூர் என்று பதில் வரும். கும்பகோணத்தில் ஒரு காப்பிச் செடிகூட விளைவதில்லை. விளைகிற மலையின் அடிவாரத்தில் இருக்கும் திண்டுக்கல்லை யாரும் காப்பி ஊர் என்று சொல்வதும் இல்லை. பூட்டு, புகையிலை, தோல், பிரியாணி என்று நீளும் இந்த ஊரின் பெருமைப் பட்டியலில் காப்பிக்கு இடம் கிடைக்காமல் போனது பெரிய குறை.

இந்தச் சாலை கடக்கும் பேகம்பூரின் வரலாறு மைசூரோடு பிணைந்தது. ஐதர் அலி 1755ல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படை ஆளுநராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் இங்கேயே அடக்கமானார். பெரிய பள்ளிவாசலும் ஊரின் பெயரும் அவர் நினைவில் எழுந்தவை. இந்தியக் காப்பியின் கதை தொடங்குவதும் அதே மைசூர்ச் சீமையில்தான். 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் யாத்திரை போன பாபா பூதன் என்ற சூஃபி, ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த மலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் ‘பிராமணாள் காப்பி’ என்று பெயர் பெற்ற பானத்தை இந்த நாட்டுக்குக் கொடையாகத் தந்தவர் ஒரு முஸ்லிம் துறவி. இதைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு காப்பிக் கடையிலும் எழுதி வைத்தாலும் தகும்.

திண்டுக்கல் சமவெளி மக்களுக்குக் காப்பி முதலில் பானமாக அறிமுகமாகவில்லை. கூலி வேலையாகத்தான் அறிமுகமானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காடழித்துக் காப்பி போட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். கங்காணிகள் மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தார்கள். 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் கிளம்பிய கூட்டங்கள் ராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே மறுபடி நடந்தன. காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அறுவடை முடிந்ததும் உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869ல் இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியைத் தாக்கியது. இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள ஆள் தேவை என்பதால் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மலையகத் தமிழர் என்ற சமூகத்தின் வேர் இப்படிக் காப்பியில்தான் இருக்கிறது.

அதே நூற்றாண்டில் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையிலும் கீழ்ப் பழனியிலும் காப்பி ஏறியது. 1875ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை திண்டுக்கல் வழியாக வந்ததும் மலைச்சரக்குக்குச் சந்தை திறந்தது. புகையிலை, தோல், ஏலக்காய் வரிசையில் காப்பிக்கொட்டையும் திண்டுக்கல்லிலிருந்து ஏற்றுமதியானது. பாதை இல்லாத மலையில் மூட்டையை இறக்கியவை குதிரைகள். சிறுமலையிலும் தாண்டிக்குடிப் பக்கத்திலும் வண்டி போக முடியாத தோட்டங்களில் இன்றும் குதிரை முதுகில்தான் சரக்கு வருகிறது.

மலை அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலையில் தோட்டமும் கீழே வியாபாரமும் வைத்திருந்த நாடார் குடும்பங்களின் ஊர் அது. பழத்தை மலையிலேயே பல்பரில் கொடுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து வழவழப்பைக் கழுவி, களத்தில் காயவைத்தால் மெல்லிய ஓட்டோடு கொட்டை கிடைக்கும். வியாபாரத்தில் அதற்குப் பார்ச்மென்ட் என்று பெயர். பழமாகவே காயவைத்தது செர்ரி. இரண்டையும் அடிவாரத்து ஆலைகளில் உடைத்து, புடைத்து, அளவு பார்த்துப் பிரிப்பார்கள். ஒரு பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டையாக உருண்டு திரண்டது பீபெரி. அதற்குத் தனி விலை.

இந்த ஊரில் 1893ல் பிறந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். மலைத்தோட்டக்காரர். நீதிக்கட்சிக்காரர். 1929ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்தது. அங்கே துணி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பின்னால் ஒரு காப்பித் தோட்டம் இருப்பது தெரியும்?

அவர் காலத்தில் காப்பி குடிக்கிற இடமும் சாதி பார்க்கிற இடமாகத்தான் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஊர்களில் முளைத்த காப்பி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். பஞ்சமர்களையும் பெருநோயாளிகளையும் ஒரே வரியில் சேர்த்து அனுமதி இல்லை என்று பலகை மாட்டிய கடைகள் இருந்தன. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் தனிப்பந்தி 1941ல்தான் ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றப் பெரியாரின் தொண்டர்கள் 1957ல் நாள் தவறாமல் மறியல் செய்து சிறை போக வேண்டியிருந்தது. காப்பிக் கொட்டையைப் பறித்த கை, காய வைத்த கை, மூட்டை தூக்கிய கை எல்லாம் கடைக்கு வெளியே நின்ற காலம் அது. டீக்கடை வந்த பிறகும் தீண்டாமை ஒழியவில்லை. மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நீடித்தது.

பேகம்பூரில் ‘தோல் ஷாப்’ எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு டீதான் கட்டுப்படியானது. முஸ்லிம்களும் உழைப்பாளிகளும் டீக்கும், வசதியான மேல்சாதி வீடுகள் காப்பிக்கும் பழகியது தமிழ்நாடெங்கும் கண்ட வழக்கம். 1930களில் தேயிலைக் கம்பெனிகள் ஊர் ஊராக இலவசமாக டீ போட்டுக் கொடுத்துப் பழக்கியதும் இதற்குத் துணை. ஆனாலும் எளிய வீடுகள் காப்பியை விட்டுவிடவில்லை. பாலில்லாமல் கருப்பட்டி தட்டிப் போட்ட கடுங்காப்பி, கொத்தமல்லி விதை வறுத்துப் பொடித்த மல்லிக் காப்பி, மாலையில் சைக்கிளில் பாத்திரம் கட்டி வரும் சுக்குக் காப்பி என்று தங்களுக்கென ஒரு வரிசையையே அவை உண்டாக்கிக்கொண்டன. பில்டர் காப்பிக்குக் கிடைத்த எழுத்தும் புகழும் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. சுவையில் இவை எந்த விதத்திலும் குறைந்தவையல்ல.

எளிய காப்பிக்கும் புகழ் கிடைக்கும் என்பதற்கு, இந்த இடத்தில் வியட்நாமைப் பார்ப்பது பயன் தரும். 1857 வாக்கில் பிரெஞ்சுப் பாதிரிமார் அங்கே காப்பிச் செடியைக் கொண்டுபோனார்கள். 1859ல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. பின்னாலேயே புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசாங்க வேலைக்குக் கப்பலேறினார்கள். செட்டியார்கள் மீகாங் வடிநிலத்து நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935ல் கட்டிய பள்ளிவாசல் சைகோனின் டோங் டு தெருவில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியரின் மரபுச் சமையலில் பால் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களுக்காக அங்கே பசு வளர்த்துப் பால் விற்றவர்களில் தமிழர்களும் உண்டு. ஆனால் பசும்பால் எல்லோருக்கும் எட்டவில்லை. அதனால் டப்பாவில் வந்த கெட்டிப்பால் காப்பிக்குள் நுழைந்தது.

அங்கே விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. கசப்பும் காரமும் மிகுந்த கொட்டை. அதைக் கருக வறுத்து, கோப்பையின் மேல் உட்காரும் ‘ஃபின்’ என்ற சிறு உலோக வடிகட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். டிகாஷன் சொட்டுச் சொட்டாகக் கெட்டிப்பாலின் மேல் இறங்குகிறது. ஐஸ் போட்டால் வெயிலுக்கு ஏற்ற பானம். தமிழ்நாட்டு வீட்டுப் பில்டரும் இதே சொட்டு முறைதான். வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. இங்கே விடியற்காலையில் வீடு முழுமைக்கும் ஒரே பில்டரில் டிகாஷன் இறங்கும். அங்கே ஆளுக்கொரு ஃபின், கடைவாசல் முக்காலியில் உட்கார்ந்து இறங்கும் வரை பேச்சு. 1946ல் போர்க்காலப் பால் தட்டுப்பாட்டில் ஹனோய் மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜியாங், முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றினார். முட்டைக் காப்பி இன்று அந்த நகரின் அடையாளம். அவர் தொடங்கிய கடையைத் தேடி உலகம் போகிறது. இல்லாமையில் பிறந்த பானத்தை அந்த நாடு ஒளித்து வைக்கவில்லை. தன் பெயரைப் போட்டு முன்னால் வைத்தது. மல்லிக் காப்பியும் கருப்பட்டிக் காப்பியும் இல்லாமையில் பிறந்தவைதான்.

வியட்நாமுக்கும் தாண்டிக்குடிக்கும் இன்னோர் உறவு உண்டு. அது கசப்பானது. இரண்டாம் உலகப்போரில் ஏற்றுமதி நின்று விலை விழுந்தபோது 1942ல் வந்த சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் கொட்டையைக் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் சேர்க்க வேண்டும். வாரியம் விற்றுப் பணம் தரும். பணம் தவணை தவணையாக வந்தது, ஆனால் விலைக்கு ஒரு காப்பு இருந்தது. 1990களில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996ல் முழு உரிமையும் விவசாயி கைக்கு வந்தது. அதே சமயத்தில் வியட்நாம், 1986ல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தால் காப்பி சாகுபடியைப் பல மடங்கு பெருக்கி, நூற்றாண்டு முடிவதற்குள் பிரேசிலுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. உலகச் சந்தையில் கொட்டை குவிந்தது. 2001ல் விலை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. காப்பு விலகிய சில வருஷங்களிலேயே இந்த அடி விழுந்ததால் சிறு விவசாயிகள் திணறினார்கள். கீழ்ப் பழனியில் ரொபஸ்டா அல்லாத அராபிகா வகையைப் பயிரிட்டவர்களும் தப்பவில்லை.

அவர்களைத் தாங்கியது ஊடுபயிர். கீழ்ப் பழனித் தோட்டம் ஒற்றைப்பயிர்த் தோட்டமல்ல. உயர்ந்த காட்டு மரங்களின் நிழலில் காப்பி, மரத்தில் படர்ந்த மிளகு, இடையிடையே விருப்பாட்சி மலைவாழை, ஆரஞ்சு, பலா, பட்டர் ஃப்ரூட். 1970களில் முடிக்கொத்து நோய் மலைவாழையைச் சூறையாடியபோது காப்பியும் மிளகும் கை கொடுத்தன. காப்பி விலை விழுந்தபோது மிளகு கை கொடுத்தது. பளியர் பழங்குடியினரும் சமவெளியிலிருந்து ஏறிய கூலிக் குடும்பங்களும் இந்தத் தோட்டங்களின் உழைப்பு. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாரியம், பழனி மலையின் ஆங்கிலப் பெயரான புல்னீஸ் என்று இந்த வட்டாரத்தைத் தனிக் காப்பிப் பகுதியாகவும் அங்கீகரித்திருக்கிறது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பெயரில்தான். 2008ல் விருப்பாட்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019ல் திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு மூன்றுக்கும் கிடைத்தது. அதே 2019ல் இந்தியக் காப்பிகள் ஐந்து குறியீடு பெற்றன. குடகு அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்கு அராபிகா, பாபா பூதன் கிரி அராபிகா. தமிழ்நாட்டு மலை ஒன்றும் அதில் இல்லை. பழனிமலைக் கொட்டை மூட்டையாகப் போய் வேறு கொட்டையோடு கலந்து, சிக்கரி சேர்ந்து, பெயரிழந்து திண்டுக்கல்லுக்கே பொட்டலமாகத் திரும்பி வருகிறது.

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் விளைவித்த காப்பி தன் பெயரிலேயே பாரிஸ் வரை போய்க் கடை திறந்ததைத் தமிழ்நாடு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தோட்டக்காரர்களும் காப்பி வாரியமும் மாநில அரசும் சேர்ந்து பழனிமலைக் காப்பிக்கான குறியீட்டு விண்ணப்பத்தை முன்னெடுக்க வேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை காப்பி அரைக்கும் கடைக்குப் போகும்போது, பீபெரி வேண்டும், கழுவிய அராபிகாவான பிளான்டேஷன் வேண்டும் என்று கேட்பதோடு, தாண்டிக்குடிக் கொட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் கடைக்காரர் வாங்கி வைப்பார்.