மூன்று கதவுள்ள அறை

1857-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, மான்செஸ்டர் நகரத்தில் ஒரு பாதிரியாரின் மனைவி அமெரிக்க நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு இருப்பதுபோல் ஒரு புத்தக அறையும், யாரும் குறுக்கிடாத சில மணி நேரமும் எனக்கு வாய்த்தால் எப்படியெல்லாம் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, காலைப் பலகாரத்துக்குப் பின் கழிந்த ஒரு மணி நேரத்தில் தாம் தீர்ப்புச் சொல்ல நேர்ந்த வழக்குகளை அடுக்கினார். மாட்டிறைச்சி எவ்வளவு நேரம் வேக வேண்டும்? மான்செஸ்டர் புகையில் எந்தச் செடி பிழைக்கும்? கவுனுக்கு எவ்வளவு நீளம் விடுவது? குழந்தைகளைக் கவனிக்கும் ஆசிரியைக்கு என்ன சம்பளம்? வெளியே கிளம்பும் பெண்களின் உடுப்பைப் பற்றி இருபது கேள்விகள். நடுவில், இந்தியப் பட்டாளத்தின் நிலைமையைப் பற்றி அண்டை வீட்டுக்காரர் படிக்கக் கொடுத்திருந்த கடிதங்களை வாசித்து, தக்க குறிப்போடு திருப்பி அனுப்பியாக வேண்டும். (1857 அல்லவா? நம் சிப்பாய்களின் எழுச்சி மான்செஸ்டர் வரை போய் ஒரு நாவலாசிரியையின் காலைப் பொழுதிலும் பங்கு கேட்டிருக்கிறது!) இத்தனைக்கும் மணி இன்னும் பத்தரை ஆகவில்லை.

அவர்தான் எலிஸபெத் காஸ்கெல். அதற்குள் நான்கு நாவல்களும், ஷார்லட் பிராண்டியின் ஜீவிய சரித்திரமும் எழுதி முடித்திருந்தார். எழுதிய இடம் சாப்பாட்டு அறை. அந்த அறைக்கு மூன்று கதவுகள். சமையற்காரி ஒரு வழியாக வரலாம், பெண்கள் ஒரு வழியாக வரலாம், உதவி கேட்டு வந்த ஏழை ஒரு வழியாக வரலாம். அம்மையார் பேனாவைக் கீழே வைப்பார், மறுபடி எடுப்பார்.

எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கதை எழுதுகிறவர்களைக் கேட்காதவர் இல்லை. காஸ்கெல் அம்மையாரைப் பொறுத்தவரை அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருந்தது. கிடைத்த நேரம் நம்முடையதுதானா? கர்த்தருக்கும், பிறருக்கும், வீட்டுக்கும் உரிய நேரத்தில் உட்கார்ந்து இல்லாத மனிதர்களைப் பற்றிக் கதை கட்டலாமா?

1832-இல் அவர் கைப்பிடித்த வில்லியம் காஸ்கெல், கிராஸ் தெரு ஆலயத்தில் யூனிடேரியன் சபையின் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி, ஏழைகள் வீட்டுக்குப் போய்வருவது, நான்கு பெண் குழந்தைகள் என்று நாட்கள் ஓடின. 1845-இல் ஒரு வயது நிறையாத ஆண் குழந்தை செங்காய்ச்சலில் இறந்தது. துக்கத்தில் மனம் ஒடிந்து கிடந்தவரை, ஏதாவது பெரிதாக எழுதிப் பாரேன் என்று தூண்டியவர் கணவரே என்கிறார்கள். 1848-இல் ‘மேரி பார்ட்டன்’ வந்தது. பஞ்சாலைத் தொழிலாளியின் பசியைச் சொன்ன கதை. அந்த ஆலைகளின் முதலாளிகள் சிலர் அவர் கணவரின் ஆலயத்திலேயே உட்காருகிறவர்கள்! கதை எழுதுவது வெறும் பொழுதுபோக்காயிருந்தால் இந்தத் தொல்லை எதற்கு? 1853-இல் ‘ரூத்’ வந்தபோது, வழிதவறிய பெண்ணைப் பரிவோடு எழுதினார் என்பதற்காகச் சபையைச் சேர்ந்த இருவர் புத்தகத்தை நெருப்பில் போட்டார்கள்.

1850-இல், சைத்திரிகையான தம் தோழி எலைஸா பாக்ஸுக்கு எழுதிய கடிதங்களில் அவர் மனத்தைத் திறந்து காட்டுகிறார். பெரிய வீட்டுக்கு அப்போதுதான் குடி போகிறார்கள். வாடகை வருஷத்துக்கு 150 பவுன். எத்தனையோ பேர் இல்லாமல் தவிக்கும்போது நமக்கு இது தகுமா என்ற உறுத்தல். எனக்குள் பல பேர் இருக்கிறார்கள் என்கிறார். ஒருத்தி உண்மையான கிறிஸ்தவள்; ஊரார்தான் அவளைச் சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு என்கிறார்கள். ஒருத்தி மனைவியும் தாயும். இன்னொருத்திக்கு அழகில் ஆசை. இவர்களைச் சமாதானப்படுத்துவது எப்படி? வீட்டுக் கடமைதான் பெண்ணுக்கு முதன்மை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அன்றாடச் சில்லறைத் தொல்லைகள் அழுத்தும்போது ஒதுங்கிக்கொள்ள, கலை என்ற மறைவிடமும் வேண்டும் என்கிறார். தீர்ப்பு மட்டும் சொல்லவில்லை.

தனிமை அவருக்குக் கிடைக்காமலே போகவில்லை. 1854 அக்டோபரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் குடும்பத்தார் டார்பிஷயரிலிருந்த தங்கள் வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் ‘நார்த் அண்ட் சவுத்’ வெளிவந்துகொண்டிருந்த சமயம். கதவு தட்டுவார் இல்லை. ஆனால் வாராவாரம் இவ்வளவுக்குள் முடியவேண்டும் என்ற நெருக்கடி அங்கேயும் பின்தொடர்ந்தது. மூன்று கதவை அடைத்தால் நான்காவது ஒன்று திறக்கிறது. தொடர்கதை எழுதிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1862-இல் முன்பின் தெரியாத ஓர் இளந்தாய், நாவல் எழுதி அதைப்பற்றி அவரிடம் யோசனை கேட்டாள். பதிலில் இலக்கணமும் நடையும் வருவதற்குமுன் வருவது சலவை! துணியை முன்கூட்டியே ஊறவைத்தால் எவ்வளவு உழைப்பு மிச்சம் என்கிறார். பிறகு, குழந்தைகள் வளரட்டும், நாற்பது வயதில் இதைப்போல் பத்து மடங்கு நன்றாக எழுதுவாய் என்கிறார். எனக்கு இந்தக் கடிதத்தின்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. அவரே ‘மேரி பார்ட்டன்’ வந்தபோது முப்பத்தெட்டு வயதுக்காரர்; கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. ஆனாலும் அது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதே வருஷம் அமெரிக்க யுத்தத்தால் பஞ்சு வராமல் ஆலைகள் மூடி, மான்செஸ்டர் பட்டினி கிடந்தது. அவரும் பெண்களும் நிவாரண வேலையில் காலைமுதல் மாலைவரை நின்றார்கள். அவருடைய அடுத்த நாவல் 1863-இல்தான் வந்தது.

இடையூறுகளே அவருக்கு மூலதனம், அவை இல்லாவிட்டால் ‘கிரான்போர்ட்’ ஏது என்பார்கள் சிலர். பாதி உண்மை. மறுபாதியை அவருடைய உடம்பு அறியும். சம்பாத்தியமும் அன்றைய சட்டப்படி கணவருடையது; 1850-இல் ஒரு கதைக்கு வந்த 20 பவுனை அவர் அமைதியாகச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானிட்டுக்கொண்டதை அம்மையார் சிரித்தபடியே எழுதியிருக்கிறார்.

அந்தக் கணவருக்காகத்தான் 1865-இல், பதிப்பாளரிடம் கடனும் வாங்கி, ஹாம்ப்ஷயரில் ஹோலிபோர்ன் கிராமத்தில் ஒரு வீட்டை ரகசியமாக வாங்கினார். அவர் ஓய்வு பெற்றதும் வந்து தங்கட்டும் என்ற எண்ணம். ‘கார்ன்ஹில்’ பத்திரிகையில் ‘வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’ முடியும் தறுவாயில் இருந்தது. நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டில் பெண்களோடு தேநீர் அருந்தியபடி பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வயது ஐம்பத்தைந்து. கதையின் முடிவைப் பத்திரிகாசிரியர் ஒரு குறிப்பாக எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வில்லியம் காஸ்கெல் அன்று மான்செஸ்டரில் இருந்தார். அப்படி ஒரு வீடு இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது.