மெட்டும் மேடும்: போடி மலை எல்லையில் உயரத்தைச் சுட்டும் சொற்கள்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,300 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் போடிமெட்டை அடைகிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் அளவினதான சாலையில் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். மெட்டில் தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. கிழக்குச் சரிவில் விழும் மழைநீர் கொட்டகுடி ஆற்றின் வழியே வையையைச் சேரும். மேற்கே விழுவது பன்னியாற்றின் வழியே பெரியாற்றில் கலந்து அரபிக்கடலை அடையும். நீரும் நிருவாகமும் மொழியும் ஏறத்தாழ ஒரே கோட்டில் பிரியும் இடங்கள் தென்னிந்தியாவில் மிகச் சிலவே.

இத்தகைய இடத்தில் உயரத்தையும் தாழ்வையும் குறிக்கும் சொற்கள் எவ்வாறு இடப்பெயர்களாக நிலைபெற்றன, அவை யார் நின்று பார்த்த பார்வையைக் காட்டுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இடப்பெயர் ஆய்வில் மலைப்பெயர்கள் பெரும்பாலும் மலை, குன்று, முடி, பாறை, மேடு என்னும் பொதுக்கூறுகளாகப் பட்டியலிடப்பட்டு அத்துடன் நின்றுவிடுகின்றன. பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பெயரிட்டவர் எத்திசையிலிருந்து வந்தவர் என்பதை அது சொல்வதில்லை.

மெட்டு

போடிமெட்டு, தேவாரம்மெட்டு, கம்பம்மெட்டு என்னும் மூன்று பெயர்களையும் வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலனாகும். இவை மூன்றும் மலைமேல் உள்ள இடங்கள். ஆயினும் மூன்றின் முற்கூறும் மலையடிவாரத்துச் சமவெளி ஊரின் பெயர். போடிமெட்டு போடியில் இல்லை. போடியிலிருந்து ஏறிச் சென்றடையும் இடத்தில் இருக்கிறது. மேலிருந்து வந்த ஒருவர் தம் பயணத்தின் முடிவிலுள்ள அந்த இடத்திற்குப் பெயரிட்டிருந்தால் பூப்பாறைமெட்டு என்றோ சாந்தன்பாறைமெட்டு என்றோ சொல்லியிருத்தல் கூடும். வழியின் தொடக்கத்தைக் கொண்டு வழியின் முடிவுக்குப் பெயர் வைத்தவர் கீழிருந்து ஏறியவர் என்பதில் ஐயமில்லை.

இதற்கு விலக்குகள் உண்டு. சதுரங்கப்பாறைமெட்டு, பாறையால் பெயர் பெற்றது. கம்பம் பள்ளத்தாக்கை நோக்கிய செல்லார்கோவில்மெட்டு மலைமேலுள்ள சிற்றூரின் பெயரைத் தாங்கியுள்ளது. எனினும் இவ்விரண்டும் சமவெளியைப் பார்த்து நிற்கும் விளிம்பிலேயே அமைந்துள்ளன என்பது நோக்கத்தக்கது. பீடபூமியின் உட்பகுதிக்குச் சென்றால் வண்டன்மேடு என்கிறோம். சபரிமலைக்கு அண்மையிலுள்ள புல்வெளி உச்சியைப் புல்மேடு என்கிறோம். இவை வெறும் உயரங்கள். மெட்டோ ஓர் ஏற்றத்தின் தலை.

இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது ஒரே இடத்திற்கு வழங்கும் இரு வடிவங்கள். நெடுங்கண்டத்திற்கு அருகே விளிம்பில் உள்ள குன்றை மலையாளத்தில் ராமக்கல்மேடு என்று எழுதுகின்றனர். தேனி மாவட்டத் தமிழில் அது ராமக்கல்மெட்டு. மேற்கிலிருந்து வருபவருக்கு அது நிலப்பரப்பினின்று சற்றே உயர்ந்த ஒரு மேடு. கிழக்கிலிருந்து பார்ப்பவருக்கோ அது செங்குத்தாக எழும் ஏற்றத்தின் முடிவு. ஒரே பாறை, இரு பெயரீற்று. ஒலிமாற்றம் என்று கூறி இதனைக் கடந்துவிடுதல் எளிது. பார்வைமாற்றம் என்று கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

சொற்பிறப்பு நிலையில் மெட்டு என்பதற்கு இரு வழிகள் காட்டலாம். முதலாவது மேடு என்பதனுடன் உள்ள உறவு. நெட்டுயிரும் ஒற்றை மெய்யும் கொண்ட அடி, குற்றுயிரும் இரட்டித்த மெய்யும் கொண்ட அடியோடு மாறி வருதல் திராவிட மொழிகளில் பரவலாகக் காணப்படுவது. தெலுங்கில் மேடு, மெட்ட ஆகிய இரண்டும் உயர்ந்த நிலத்தைக் குறிக்கின்றன. மெட்ட என்பது குறிப்பாக நீர் பாயாத மேட்டுநிலத்திற்கு வழங்கும். இரண்டாவது, காலை ஊன்றுதல், மிதித்தல் என்னும் பொருளுடைய வேர். தெலுங்கில் மெட்டு என்பது படி. கன்னடத்தில் மெட்டு என்பது மிதித்தல், மெட்டிலு என்பது படிக்கட்டு. திருமலைக்கு ஏறும் நடைவழிகளுள் ஒன்று இன்றும் ஸ்ரீவாரி மெட்டு என்றே அழைக்கப்படுகிறது.

போடி, கம்பம் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக நெடுங்காலம் வழங்கி வருவன. போடிநாயக்கனூரே நாயக்கர் பாளையத்தின் பெயரால் அமைந்த ஊர். ஆகவே படி என்னும் பொருள் இப்பெயர்களுக்குள் நுழைய வாய்ப்பு மிகுதி. ஆயினும் தெலுங்குச் சொல்லே கடனாக வந்து தங்கிவிட்டது என்று முடிவு கட்டுதல் தேவையற்றது. உயரத்தைக் குறித்த திராவிடப் பொதுச்சொல்லின் குறுகிய வடிவம் இங்கே முன்பே இருக்க, அதன்மேல் ஏறும் படி என்னும் பொருள் அண்டை மொழியினரின் வழக்கால் படிந்தது எனக் கொள்வதே ராமக்கல்மேடு – ராமக்கல்மெட்டு மாற்றத்திற்கும், மெட்டுப் பெயர்கள் விளிம்பில் மட்டுமே காணப்படுவதற்கும் ஒருசேர விளக்கம் தருகிறது.

கிழக்கும் மேற்கும்

கீழ் என்பதிலிருந்து கிழக்கும் மேல் என்பதிலிருந்து மேற்கும் பிறந்தன என்பது மொழிநூல் பயின்றோர் அனைவரும் அறிந்தது. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உடைய நிலத்தார் அமைத்த சொற்கள் இவை. போடி நகரில் நிற்கும் ஒருவருக்கு இச்சொற்பிறப்பைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஏலத்தோட்ட வேலைக்காகக் காலையில் ஜீப்பில் மெட்டு ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளர் பேச்சில் மேலே என்றால் கேரளம், கீழே என்றால் ஊர். திசையும் உயரமும் நாடும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

மலைக்கு அப்பால் இச்சொற்கள் தலைகீழாகின்றன. மலையாளத்திலும் கிழக்கு என்பது ஞாயிறு எழும் திசையே. ஆனால் அங்கே அத்திசையில்தான் மலை எழுகிறது. 1856 ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இம்முரண்பாட்டைச் சுட்டி, மலையாள மொழியினர் மலைத்தொடருக்குக் கிழக்கேயிருந்து சென்றவர்கள் என்பதற்கு இதனைச் சான்றாக்கினார். கீழ் என்பது நிலத்தின் தாழ்வை அன்று, ஞாயிறு கீழிருந்து எழும் வானவிளிம்பையே குறிக்கும் என்று கொண்டால் அச்சான்று வலுவிழக்கும். எனினும் கருதத்தக்க ஒன்று உண்டு. மலையாளத்தில் கிழக்கு நிலைத்தது. மேற்கு பின்தங்கி, ஞாயிறு படும் திசை என்னும் பொருளுடைய படிஞ்ஞாறு என்பது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இணைச் சொற்களுள் ஒன்று மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. கடலை நோக்கி இறங்கும் திசையை மேல் என்று சொல்ல நா கூசியது போலும்!

இருபதாம் நூற்றாண்டில் கோட்டயம், பாலா பகுதிகளிலிருந்து இடுக்கிக்குக் குடியேறிய உழவர்கள் கிழக்கு நோக்கி மலையேறினர். அவர்களுடைய மொழியில் இந்த மேட்டுநிலத்திற்கு வழங்கும் பெயர் ஹைரேஞ்ச். ஆங்கிலத் தோட்டக்காரர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டமைக்கு மதிப்பு ஒரு காரணமாகலாம். கிழக்கு என்னும் சொல்லால் உயரத்தைக் குறிக்க இயலாமையும் ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனை உயர்மலைத்தொடர் என்று ஆக்கிவிடுகின்றனர். மலையாள நூலில் அது பொதுப்பெயராக வருவதில்லை. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களைச் சுட்டும் இயற்பெயராகவே வருகிறது. பெயரைப் பெயராக விடுதலே முறை.

பழந்தமிழில் குணக்கு, குடக்கு என உயரத்தோடு வெளிப்படையான தொடர்பில்லாத திசைச்சொற்களும் வழங்கின. தொல்காப்பியப் பாயிரம் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் மட்டும் எல்லையாகக் கூறும். பிற்பட்ட நன்னூலின் சிறப்புப் பாயிரமோ மேற்கெல்லையாகக் குடகத்தைச் சொல்கிறது. அதனைக் குடகு மலை என்றே உரைகாரர் கொள்வர். தமிழ் வழங்கும் நிலத்தின் மேற்கெல்லை கடலினின்று மலைக்கு நகர்ந்துவிட்டதை இலக்கண நூலே ஒப்புக்கொண்ட இடம் அது.

கணவாயில் மெட்டு இல்லை

வடக்கே பாலக்காட்டுக்குச் சென்றால் சொற்கள் மாறிவிடுகின்றன. அங்கே மலைத்தொடர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு அற்றுப்போய், நிலம் 300 மீட்டருக்கு மேற்படாமல் கிடக்கிறது. கோயம்புத்தூர் 400 மீட்டர் அளவில் இருக்கப் பாலக்காடு 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. அதாவது இங்கே கிழக்கே செல்வது சிறிது ஏறுவதாகும். ஆனால் அவ்வேற்றம் காலுக்குத் தெரிவதில்லை. ஆகவே பெயர்களிலும் அது இல்லை. வாளையாறு ஆற்றின் பெயர். கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் குடியேற்றப் பெயர்கள். வேலந்தாவளத்தில் உள்ள தாவளம் என்பது வழிச்செல்வோரும் பொதிமாடுகளும் தங்குமிடம். ஏறுவோர் மெட்டைப் பெயரிட்டனர். நடப்போர் தாவளத்தைப் பெயரிட்டனர்.

மலையிடை வழிக்கு இன்று தமிழில் கணவாய் என்றும் மலையாளத்தில் சுரம் என்றும் வழங்குகிறோம். சங்க இலக்கியத்தில் சுரம் பாலைநில அருவழி. தலைவன் பொருள்வயிற் பிரிந்து செல்லும் வழி அதுவே. நமக்கு வெம்மையும் வறட்சியும் நினைவில் நிற்க, மலையாளத்தாருக்கு வழி என்னும் பொருளே நின்றது. தாமரசேரிச் சுரம் என்பதைத் தமிழில் பெயர்க்கும்போது சுரம் என்றே விட்டால் படிப்பவர் மழை ஓயாத அம்மலைவழியை வறண்ட காடாக எண்ணிக்கொள்ளக் கூடும். ஒரே சொல் இரு மொழியிலும் இருப்பது மொழிபெயர்ப்பாளனுக்கு எப்போதும் உதவியாக இருப்பதில்லை.

மேல் நிலையமும் கீழ் நிலையமும்

ஆங்கிலேயர் வந்தபின் உயரம் கண்ணால் மதிப்பிடப்படுவதினின்று கருவியால் அளக்கப்படுவதாயிற்று. வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். 1877 இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றபின் தோட்டங்கள் எழுந்தன. ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது, இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் அதுவே மிக உயர்ந்த சிகரம் என்பன போன்ற செய்திகள் அளவையின் கொடை. பெயரோ அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்களின் கொடை.

மூணாற்றுத் தேயிலையைக் கடலுக்குக் கொண்டுசெல்லக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902 இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908 இல் அதற்கு மாற்றாகச் சிற்றிருப்புப்பாதையும் அமைக்கப்பட்டன. பாதை முடிந்த மலைவிளிம்பு டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவடத்தில் இறக்கிய பெட்டிகள் அடிவாரத்துப் பாட்டம் ஸ்டேஷனை அடைந்து போடிக்குச் சென்றன. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாதையை அழித்தது. இன்று தண்டவாளம் இல்லை, வடமும் இல்லை. டாப் ஸ்டேஷன் உண்டு; குரங்கணியிலிருந்து அதற்கு ஏறும் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் குடியிருப்பும் உண்டு. மெட்டுப் பெயர்கள் ஏறுவோனின் பார்வை என்றால் இவை இறங்கும் சரக்கின் பார்வை. மேலிருந்து எண்ணத் தொடங்கும் பெயர்கள் இம்மலையில் இவை மட்டுமே என்று கூடச் சொல்லத் தோன்றுகிறது.

பெயரும் எல்லையும்

இடப்பெயர்கள் இங்கே வெறும் ஆய்வுப்பொருளாக இருந்ததில்லை. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1955 இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், அங்கே தமிழர் பெரும்பான்மையினராக இருந்தும், அப்பெரும்பான்மை தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வால் நேர்ந்தது என்று கருதி அவ்வட்டங்களைக் கேரளத்திற்கே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 இல் தெற்கே நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பகுதியும் தமிழகத்திற்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அக்காலம் முதல் மெட்டு, மேடு, குடி, சோலை என்னும் ஈறுகளைக் காட்டி உரிமை பேசும் எழுத்து இருபக்கமும் உண்டு.

அவ்வழக்கில் பெயர்ச்சான்றைக் கையாளும் முறை எனக்கு உடன்பாடன்று. போடிமெட்டு என்னும் பெயர், போடியிலிருந்து ஒரு வழி அங்கே ஏறியது என்பதற்குச் சான்று. அவ்வழியில் ஏறியவர்கள் நிலவுடைமையாளரா, பொதிமாட்டு வணிகரா, கூலிக்குச் சென்றவர்களா என்பதைப் பெயர் சொல்லாது. தம் முன்னோர் மதுரையிலிருந்து மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதாகக் கூறும் முதுவர்கள், தம் ஊர்களைக் குடி என்றே வழங்குகின்றனர். இடமலைக்குடி 2010 இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. குடி என்னும் சொல்லைத் தமிழ்ச்சான்றாக எண்ணிக் கணக்கிட்டவர்கள் முதுவர்களைக் கேட்டு எண்ணியதாகத் தெரியவில்லை.

உடனடிக் கேடு வேறோரிடத்தில் உள்ளது. உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட பெயர்ப்பலகையிலிருந்தும் நிலப்படத்திலிருந்தும் இப்பெயர்கள் மீண்டும் தமிழுக்கு வருகின்றன. உயிர் நெடிலா குறிலா என்பதை அவ்வெழுத்து காட்டுவதில்லை. கம்பம்மெட்டு, கம்பம்மேட்டு, கம்பமேடு என மூன்று வடிவங்களை ஒரே மொழிபெயர்ப்பு நூலில் கண்டதுண்டு. 2020 சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றித் தமிழக அரசு வெளியிட்ட ஆணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆணை நிலைத்திருந்தாலும் எல்லைக்கு அப்பால் பாதிப்பெயர்கள் அதன் வரம்பிற்குள் வந்திரா. ராமக்கல்மேடு என்று மலையாள மூலத்தில் இருந்தால் அதனை மெட்டு என்று திருத்தாமலும், தேனி மாவட்டத்தவர் பேச்சில் மெட்டு என்று வந்தால் மேடு என்று மாற்றாமலும் எழுதுவதே, யார் எங்கே நின்று பேசுகிறார் என்பதைப் படிப்பவர்க்குக் காட்டும்.