செங்குத்தின் அடி: ஹில்பர்ட் வெளியில் முழுமையின் பங்கு

தளத்துக்கு வெளியே ஒரு புள்ளி இருந்தால், அதிலிருந்து தளத்துக்குச் செங்குத்து வரையலாம். தளத்தில் அப்புள்ளிக்கு மிக அருகில் இருப்பது அந்தச் செங்குத்தின் அடி. பள்ளி வடிவியலில் இதை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். பரிமாணங்கள் முடிவிலியாகும்போது இது தானாக வந்துவிடுவதில்லை. ஹில்பர்ட் வெளி என்பது முழுமைபெற்ற உட்பெருக்க வெளி என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரியில் உட்பெருக்கத்துக்குக் கிடைக்கும் விளக்கம் முழுமைக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாளைய குறை.

-1 முதல் 1 வரையுள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்புகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு சார்புகளைப் பெருக்கித் தொகையிட்டால் வரும் எண்ணே அவற்றின் உட்பெருக்கம். இதை வைத்து நீளம் அளக்கலாம், கோணம் அளக்கலாம். பித்தாகரசு தேற்றம்கூடச் செல்லும். குறையேதும் கண்ணுக்குப் படவில்லை. இனி, 0 முதல் 1 வரை தொகையிட்டால் சுழி தரும் சார்புகளை மட்டும் திரட்டுவோம். அவை மூடிய உள்வெளி ஒன்றை அமைக்கின்றன. அது முழு வெளியும் அல்ல. ஆயினும் அதற்குச் செங்குத்தாக, சுழிச் சார்பைத் தவிர வேறொன்றும் இல்லை! செங்குத்தாக நிற்க வேண்டியது, 0க்கு இடப்புறம் 0 ஆகவும் வலப்புறம் 1 ஆகவும் உள்ள படிச் சார்பு. அது 0இல் தாவுவதால் தொடர்ச்சியற்றது. நம் வெளியில் அதற்கு இடமில்லை. எங்கும் 1 ஆக உள்ள மாறிலிச் சார்பிலிருந்து இந்த உள்வெளிக்குத் தூரம் 1. உள்வெளியின் சார்புகள் அந்தத் தூரத்தை நெருங்கிக்கொண்டே போகும், ஒன்றும் எட்டாது. செங்குத்து இறங்க வேண்டிய இடத்தில் புள்ளியே இல்லை.

இந்த ஓட்டைகளை அடைக்கும் வழியை 1902இல் லெபேக் கண்ட தொகையீடு திறந்தது. 1907இல் ரீஸும் எர்ன்ஸ்ட் ஃபிஷரும் தனித்தனியே நிறுவிய தேற்றம், வர்க்கம் தொகையிடத்தக்க சார்புகளின் வெளி முழுமையானது என்று உறுதி செய்தது. அங்கே உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கிச் செல்லும் தொடர்முறை ஒவ்வொன்றுக்கும் எல்லை அவ்வெளிக்குள்ளேயே உண்டு.

முழுமை எங்கே வேலை செய்கிறது என்பதை, ஹில்பர்ட் வெளியில் எந்தப் புள்ளியிலிருந்தும் மூடிய உள்வெளிக்குச் செங்குத்தின் அடி உண்டு என்னும் செங்குத்துத் தேற்றத்தின் நிறுவலில் நேராகவே பார்க்கலாம். மூடிய உள்வெளியில், தூரம் மேன்மேலும் குறைந்து அதன் கீழெல்லையை அணுகும்படி புள்ளிகளைத் தேர்கிறோம். அவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் நடுப்புள்ளி உள்வெளிக்குள்தான் இருக்கும். ஆகவே அதன் தூரமும் அந்தக் கீழெல்லைக்குக் குறையாது. இணைகரத்தின் இரு மூலைவிட்டங்களின் வர்க்கங்களின் கூடுதல் நான்கு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம் என்னும் இணைகர விதியில் இதைப் பொருத்தினால், தேர்ந்த புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கியே தீர வேண்டும் என்று வரும். இதுவரை உட்பெருக்கத்தின் வேலை. அவை நெருங்கிச் செல்லும் இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது என்று சொல்வது முழுமை. இவ்வளவு சிறிய நிறுவலிலிருந்து இவ்வளவு பெரிய விளைவுகள் வரும் இடம் கணிதத்தில் அரிது என்றே நினைக்கிறேன்.

அந்த விளைவுகளில் முதன்மையானது, 1907இலேயே ரீஸும் ஃபிரஷேயும் கண்ட உருவகிப்புத் தேற்றம்: தொடர்ச்சியான நேரியல் அளவீடு ஒவ்வொன்றும் வெளியிலுள்ள ஏதோ ஒரு திசையனுடன் எடுத்த உட்பெருக்கமே. இதன் பெருமையை அறிய டிரிஷ்லே கொள்கையின் கதையைப் பார்க்க வேண்டும். ஆற்றலை மிகக் குறைவாக்கும் சார்பு உண்டு என்று நம்பி ரீமான் தம் கோட்பாட்டை எழுப்பினார். கீழெல்லை இருப்பதனாலேயே அதை எட்டும் சார்பும் இருக்க வேண்டியதில்லை என்று 1870இல் வயர்ஷ்ட்ராஸ் காட்டினார். நம் படிச் சார்பு சொல்வதும் இதே குறையைத்தான். 1900ஐ ஒட்டி ஹில்பர்ட் அக்கொள்கையை மீட்டார். இன்று சரியான முழுமை வெளியில் நின்றால் ரீஸின் தேற்றமே தீர்வைக் கையில் தருகிறது. 1954இல் வந்த லாக்ஸ்–மில்கிராம் தேற்றம் அதன் விரிவு. பொறியாளர்கள் பாலத்தின் தகைவைக் கணிக்கக் கையாளும் வரம்புறு உறுப்பு முறைக்கு அடித்தளம் இதுவே.

தம் பெயர் தாங்கிய வெளியை ஹில்பர்ட் வரையறுக்கவில்லை. ஸ்வீடன் நாட்டு ஃபிரெட்ஹோமின் ஆய்வால் தூண்டப்பட்டு, 1904 முதல் 1910 வரை தொகையீட்டுச் சமன்பாடுகள் குறித்து ஆறு கட்டுரைகள் எழுதினார். வடிவியல் மொழியை 1908இல் தந்தவர் அவர் மாணவர் எர்ஹார்ட் ஷ்மிட். குவாண்டம் இயக்கவியலில் ஹைசன்பர்கின் அணிகளையும் ஷ்ரோடிங்கரின் அலைகளையும் ஒரே வெளியின் இரு தோற்றங்களாகக் கண்டு, அவ்வெளியின் அடிகோள்களை வகுத்தவர் ஃபான் நாய்மன். 1932இல் அவருடைய குவாண்டம் நூலும், பனாக்கின் நேரியல் செயலிகள் நூலும், மார்ஷல் ஸ்டோனின் ஹில்பர்ட் வெளி நூலும் ஒருசேர வெளிவந்தன. சார்புப் பகுவியல் தனித்துறையாக நிமிர்ந்த ஆண்டு அது. அந்த ஸ்டோன் 1989இல் காலமானது நம் சென்னையில்.

பனாக் வெளிகளும் முழுமையானவைதாம். அங்கே நீளம் உண்டு, உட்பெருக்கம் இருக்க வேண்டியதில்லை. 1935இல் ஜோர்டானும் ஃபான் நாய்மனும், இணைகர விதி செல்லும் இடத்திலெல்லாம் அந்த நீளம் ஓர் உட்பெருக்கத்திலிருந்தே பிறக்கிறது என்று காட்டினர். 1971இல் லிண்டன்ஷ்ட்ராஸும் ட்ஸஃப்ரிரியும் இன்னும் ஆழச் சென்றனர். ஒரு பனாக் வெளியில் மூடிய உள்வெளி ஒவ்வொன்றுக்கும் மூடிய துணைவெளி ஒன்று, அதாவது இரண்டும் சேர்ந்து முழு வெளியையும் பகிர்ந்துகொள்ளும் இணை, கிடைக்குமானால், அவ்வெளி ஹில்பர்ட் வெளியேதான். நீளத்தை அளக்கும் விதம் மட்டும் மாறியிருக்கலாம்.