ஓதம்: கல்கத்தா பேசாமல் வைத்திருந்த ஒரு வீக்கம்

தமிழில் 'ஓதம்' என்னும் சொல்லுக்குக் கடல், அலை, ஈரம் எனப் பல பொருள்கள் உண்டு. அகராதிகள் இன்னொரு பொருளும் தருகின்றன: விரைப்பையில் உண்டாகும் வீக்கம். இன்று மருத்துவமனைகளில் ஹைட்ரோசீல் எனப்படும் நீர்வீக்கமும் இதில் அடங்கும். சித்த மருத்துவ மரபு அண்டவாதம் என்றது. வங்காளிகள் ஏகசிரா என்றனர். ஆக, நோயைக் குறிக்கச் சொல் இல்லாத குறை எம்மொழிக்கும் இருந்ததில்லை. அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லத்தான் ஆண்கள் தயங்கினர். அந்தத் தயக்கத்தின் எடையைப் பவுண்டுக் கணக்கில் நிறுத்துக் காட்டிய நகரம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தா.

அக்காலத்து வைத்தியம் எளியது, ஆனால் கொடியது. ஊசிக்குழாயால் நீரை வடித்துவிட்டு, உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வகையில் எரிச்சலூட்டும் மருந்து ஒன்றை உள்ளே செலுத்துவர். முதலில் போர்ட் என்னும் ஒயின் பயன்பட்டது. 1832-இல் கல்கத்தாவின் இந்தியர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் ரானல்ட் மார்ட்டின் அதற்குப் பதிலாக அயோடின் கரைசலைப் புகுத்தினார். பலன் கூடியது, வலி மட்டும் போகவில்லை.

அந்த வலியே ஒரு விசித்திரமான அத்தியாயத்தைத் தொடங்கிவைத்தது. 1845 ஏப்ரல் 4 அன்று, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளியில், இருபக்கமும் ஓதம் கண்ட கைதி ஒருவருக்கு ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் இச்சிகிச்சையைச் செய்தார். மருந்து உள்ளே சென்றதும் கைதி துடித்தார். அப்போது, தாம் படித்து மட்டுமே அறிந்திருந்த மெஸ்மெரிசம் என்னும் வசிய முறையை எஸ்டெய்ல் முயன்று பார்த்தார். கைதி வலி மறந்து மயங்கினார். முதல் சோதனை ஒரு கைதியின் உடலில் நிகழ்ந்தது தற்செயல் என்று கடந்துவிட முடியாது. மறுக்கும் உரிமையும் மறைக்கும் உரிமையும் அவருக்கு ஒருசேர இல்லை.

செய்தி பரவியதும் பிறரும் வந்தனர். எட்டு மாதங்களில் எஸ்டெய்ல் அறுத்தெடுத்த விரைப்பைக் கட்டிகள் 8 பவுண்டு முதல் 80 பவுண்டு வரை எடை கொண்டிருந்தன. 80 பவுண்டு என்பது ஏறத்தாழ 36 கிலோ. அக்கட்டியைச் சுமந்தவர் நாற்பது வயதுக் கடைக்காரர். நடமாட இயலாமல், பல ஆண்டுகள் அதையே எழுதும் மேசையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார். அவர்களுடைய பெயரும் வயதும் தொழிலும் 1846-இல் வெளிவந்த எஸ்டெய்லின் நூலில் அச்சேறின. ஆண்டுக்கணக்கில் ஊராரிடம் மறைத்துவைத்ததை இலண்டன் வாசகர்கள் படித்தனர்.

அதே ஆண்டு கல்கத்தாவில் மெஸ்மெரிச மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. வசியம் உண்மையில் எவ்வாறு வேலை செய்தது என்ற வாதம் இங்கே தேவையில்லை. அத்தனை ஆண்கள் ஏன் அத்தனை தாமதமாக வந்தார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. வெட்கத்தை மட்டும் காரணமாக்குவது நியாயமன்று. மயக்கமருந்து இல்லாத காலத்தில் கத்தியை அஞ்சியவன் கோழையல்லன், கணக்குத் தெரிந்தவன். பெருங்கட்டிகளை அறுக்கையில் குருதி பெருகி இறந்தவர் பலர். ஆனால் 1840-களின் இறுதியில் ஈதரும் குளோரோஃபார்மும் வந்துவிட்டன. அச்சத்துக்கு இருந்த நியாயம் குறைந்தது, வெட்கம் குறையவில்லை.

நோயின் வேரும் இந்நகரத்தில்தான் துலங்கியது. 1870-இல் பால்போல் வெளுத்த சிறுநீரிலும், 1872-இல் குருதியிலும் நுண்புழுக்களைக் கண்டவர் திமோதி லூயிஸ். விரைப்பையின் யானைக்கால் வீக்கத் திசுவில் முதிர்ந்த புழுவை அவரே 1877-இல் கண்டார். அதே ஆண்டு சீனத்தின் அமோய் நகரில் பாட்ரிக் மான்சன், புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் காட்டினார். காளிகாட் கோயிலை ஒட்டி ஓடும் ஆதி கங்கை ஒருகாலத்தில் கங்கையின் முதன்மைப் போக்கு. இன்று கழிவுநீர் சேரும் கால்வாய். கியூலெக்ஸ் கொசு விரும்புவது இத்தகைய அழுக்குநீரையே. குழந்தைப் பருவத்தில் தொற்றும் புழு நிணநாளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி, வளர்ந்த பின்னரே வீக்கமாக வெளிப்படுகிறது. ஆகவே அதை ஒழுக்கக் கேட்டின் தண்டனையாகக் கருதி ஒளித்தவர்கள், கொசு செய்த குற்றத்துக்குத் தாம் தலைகுனிந்தார்கள்.

யானைக்கால் புழுவால் பாலுறுப்பு வீக்கம் கண்ட ஆண்கள் உலகில் இரண்டரைக் கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவில் 1955 முதல் கட்டுப்பாட்டுத் திட்டம் உண்டு, டி.இ.சி. மாத்திரை வீடுவீடாக வழங்கப்படுகிறது. அம்மாத்திரை குருதியிலுள்ள நுண்புழுக்களைக் கொல்லும். ஏற்கெனவே பெருத்துவிட்ட ஓதத்தைப் பொதுவாக வற்றச்செய்யாது. அதற்கு அறுவைதான் வழி. எஸ்டெய்லின் காலத்தில் உயிர்ப்பணயமாக இருந்தது இன்று சிறிய சிகிச்சை.

எல்லா ஓதத்துக்கும் புழு காரணமன்று. எல்லா வீக்கமும் ஓதமும் அன்று. விளக்கொளி ஊடுருவினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர் என்று மருத்துவர் ஊகிப்பார். வீட்டில் கைவிளக்கை வைத்துப் பார்த்து அமைதி கொள்வது தவறு. நீருக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கக்கூடும், அதை ஸ்கேன் காட்டும். படுத்தால் மறைந்து நின்றால் இறங்கும் வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கம். அது உள்ளே திரும்பாமல் வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றே அறுவை தேவைப்படலாம். வலியே இல்லாமல் விரையில் தட்டுப்படும் கெட்டியான கட்டியை, வலிக்கவில்லையே என்று விட்டுவிடுதல் கூடாது. விரைப் புற்றுநோய் இளைஞர்களிடமே மிகுதி. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகும். எரிச்சல், சீழ், புண் என்றால் மருந்துக்கடையில் களிம்பு கேட்பதைவிடச் சோதனை செய்துகொள்வதே நேர்வழி.

இவற்றுள் நாள் கணக்கு செல்லாத ஒன்று உண்டு. விரை தன் நாளத்தோடு முறுக்கிக்கொண்டால் குருதியோட்டம் நின்றுவிடும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. பதின்வயதினருக்கே இது அதிகம் நேர்கிறது. திடீரெனக் கடும் வலி எழும், குமட்டலும் சேரும். சிலருக்கு வலி அடிவயிற்றிலேயே தெரியும். வேறு சிலர் இடத்தைச் சொல்லக் கூசி வயிற்றுவலி என்பார்கள். வயிற்றுவலி என்று வரும் சிறுவனின் விரைப்பையையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் கற்பிக்கப்படுவது அதனால்தான்.