யாரோடு சண்டை போடுவது?

புதுச்சேரி ரேஷன் கடைக்குப் பையோடு போகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் "இன்னும் லோடு வரல, நாளைக்கு வாங்க" என்பதாகத்தான் இருக்கும். பிரான்சில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் 'ரெஸ்தோ து கேர்' மையத்துக்குள் நுழைகிறவருக்கு முதலில் கிடைப்பது உட்கார ஒரு நாற்காலி, கையில் ஒரு கோப்பை காபி. இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிட்டால் ஒப்பாய்வு சுலபமாக முடிந்துவிடும்; நாம் தோற்றோம், அவர்கள் வென்றார்கள். எனக்கு அப்படி முடிக்க மனமில்லை.

இந்த இரண்டையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன் என்றால், புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரிஸ் ஒரு வெளியூர் மாதிரி. வெளிநாடு என்று மனசு ஒப்புவதில்லை. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி எல்லாம் முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களுக்கு வரும் 'சொல்தா பென்ஷன்' என்ற சொல் இன்னும் நம் தெருக்களில் புழங்குகிறது. அண்ணன் பாரிசின் வடக்குப் புறநகரில், தங்கை முத்தியால்பேட்டையில் என்று பிரிந்த வீடுகள் உண்டு. ஓய்வுபெற்ற அண்ணன் அங்கே தன்னார்வலராக நின்று பால் பாக்கெட் எடுத்துக் கொடுக்கிற அதே காலையில், தங்கை இங்கே மஞ்சள் ரேஷன் கார்டோடு வரிசையில் நிற்பது நடக்கக்கூடியதுதான்.

அங்கே கதை ஒரு சிரிப்பு நடிகரிடம் தொடங்குகிறது. கொலூஷ் என்ற நகைச்சுவைக் கலைஞர் 1985 செப்டம்பரில் வானொலியில் பேசும்போது, பசித்தவர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் உணவகம் ஒன்று வேண்டும் என்று சொன்னார். அந்தக் குளிர்காலத்திலேயே சுமார் 85 லட்சம் சாப்பாடு போனது. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். நெருக்கடி தீரும்வரை என்று ஆரம்பித்த வேலை தீரவே இல்லை. 2022-23இல் 17 கோடிச் சாப்பாட்டைத் தாண்டியது. சுமார் 70,000 தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். ரெஸ்தோ தொடங்குவதற்கு ஓர் ஆண்டு முன்னால், 1984இல், 'பாங்க் அலிமாந்தேர்' என்ற உணவு வங்கிகளும் பிரான்சில் வந்துவிட்டன. அவை வேறு மாதிரி. கிடங்கு வைத்து, கடைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சியதை வாங்கி, சிறு அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். சாப்பிடுகிறவர் அந்தக் கிடங்கைப் பார்ப்பதே இல்லை. 2016இல் வந்த சட்டம் 400 சதுர மீட்டருக்கு மேலான சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை வேண்டுமென்று பாழாக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதற்குப் பிறகு ஏழையின் கூடையில் என்ன விழும் என்பதைப் பணக்காரர் வாங்காமல் விட்டது தீர்மானிக்கும்.

இங்கே அப்படி ஒரு நாயகன் இல்லை. அரசு, அட்டை, கடை. பிரெஞ்சு நிர்வாகம் 1930லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்த ஊர் இது. அதன் பிறகு வந்த எல்லா ஆட்சிகளும் அரிசியைத் தொட்டுத்தான் ஓட்டுக் கேட்டன. சிவப்பு கார்டு என்றால் வறுமைக் கோட்டுக்குக் கீழே, மஞ்சள் என்றால் மேலே. கார்டின் நிறத்தைக் கேட்டாலே குடும்ப நிலை தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சில்கூட அது காதில் விழும்.

இப்போது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்ப்போம். இரண்டு ஊருக்கும் இடையில் உள்ள உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ரெஸ்தோவில் நிற்பவர் சம்பளம் வாங்குவதில்லை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வருகிறார். உணவு வாங்க வருகிறவரை 'பயனாளி' என்று சொல்வதைக்கூட அந்த அமைப்பு இப்போது தவிர்க்கப் பார்க்கிறது. 'வரவேற்கப்படுபவர்' என்பது அவர்கள் விரும்பும் சொல். ஒரு காலத்தில் அங்கே வாங்க வந்தவர்களே பின்னால் கொடுக்க நிற்பதும் உண்டு. இதெல்லாம் கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் காபிக்குப் பிறகு காகிதம் வருகிறது. சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, வரிக் கணக்கு. வருமானத்தில் வாடகையைக் கழித்து, வாழ்வதற்கு மீதி எவ்வளவு என்று பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்து முடிவு செய்வார்கள். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் ஊரில் வாயால் சொல்வதை அங்கே படிவம் போட்டுச் செய்கிறார்கள். வரம்பைவிடச் சில யூரோ கூடிவிட்டால், "உங்களுக்கு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர், நல்லது செய்யலாம் என்று வந்த அந்த ஓய்வுபெற்ற பெரியவர்தான். 2023 செப்டம்பரில் பணம் போதவில்லை என்று ரெஸ்தோ பகிரங்கமாகக் கைநீட்டியது. அந்தக் குளிர்காலத்தில் ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்றது. பிரான்சின் பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்று ஒரு கோடி யூரோ கொடுத்தது, அரசும் கொடுத்தது. ஆனாலும் வரம்பு இறுகியது. கதவைச் சாத்தும் வேலை தன்னார்வலர் தலையில் விழுந்தது.

நம் பக்கத்தில் எடை போடுகிறவருக்கு வேறு துயரம். அரசு நிறுவனமான பாப்ஸ்கோவிலும் கூட்டுறவுக் கடைகளிலும் வேலை பார்த்தவர்கள் சம்பள பாக்கிக்காகத் தெருவில் உட்கார்ந்ததை இந்த ஊர் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறது. சம்பளத்துக்கு வந்தவர், சம்பளம் வராமலே தன்னார்வலர் போல ஆகிவிட்டார். யாரும் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. அவர் சிடுசிடுப்பதற்கு இது நியாயம் ஆகாது, காரணம் ஆகும். எதிரே நிற்கிற பெண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தராசு முள் ஆடி நிற்பதற்குள் அரிசி பைக்குள் போய்விட்டது என்பதுதான். "என்னங்க, எடை நிக்கவே இல்லியே, அதுக்குள்ள கொட்டிட்டீங்க?" என்பாள். அவர் பதில் சொல்வார். பின்னால் நிற்கும் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும்.

அந்தச் சத்தத்தை நான் மதிக்கிறேன். தன் அரிசியைக் கேட்கிறவளுடைய குரல் அது. ரெஸ்தோவில் அப்படி ஒரு குரல் எழுவது கடினம். சம்பளம் வாங்காமல் குளிரில் நின்று உனக்காகக் காய்கறி எடுத்துக் கொடுக்கும் எழுபது வயதுப் பெண்மணியிடம், கேரட் அழுகியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அங்கே வாங்குகிறவர் அரிசிக்கும் பாலுக்கும் விலையாக நன்றியைக் கொடுக்கிறார். அது கணக்கில் வராத விலை.

ஒரு விஷயத்தில் பாரிஸ் நம்மைவிட முன்னால் இருக்கிறது. பை கட்டிக் கொடுத்துவிடாமல், தன்னார்வலர் கூடவே நடக்க, வந்தவர் மேசை மேசையாகப் போய் இந்த வகையில் இரண்டு, அந்த வகையில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. சமூக மளிகைக் கடைகள் என்று இன்னொரு வகையும் உண்டு; சந்தை விலையில் சிறு பங்கு கொடுத்து, வேண்டியதை வேண்டியவரே தேர்ந்து வாங்கலாம். காசு கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் குறைகிறது. இதைக் கண்டுபிடித்தவருக்கு மனுஷ மனம் தெரிந்திருக்கிறது.

தேர்வு என்றால் பணம்தானே சிறந்த தேர்வு, அதைக் கையில் கொடுத்துவிட்டால் போச்சு என்று ஒருவர் கேட்கலாம். புதுச்சேரி அதையும் செய்து பார்த்தது. 2015 செப்டம்பரில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறைக்கு நாட்டிலேயே முதலில் மாறிய யூனியன் பிரதேசங்களில் சண்டிகரோடு இதுவும் ஒன்று. புதுச்சேரி அரசு தன் பங்காகக் கொடுத்துவந்த இலவச அரிசி தனியே ஓடிக்கொண்டிருந்தது. அதையும் பணமாக்க வேண்டும் என்றார் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. அரிசிதான் வேண்டும் என்றார் அப்போதைய முதல்வர் நாராயணசாமி. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போய், 2020 பிப்ரவரியில் பணத்தின் பக்கம் தீர்ப்பானது. சிவப்பு கார்டுக்கு 20 கிலோவுக்கு ஈடாக 600 ரூபாய், மஞ்சளுக்கு 10 கிலோவுக்கு 300. கிலோ முப்பது ரூபாய்க் கணக்கு. அந்த விலைக்கு வாயில் வைக்கும்படியான பொன்னி எந்தக் கடையில் கிடைத்தது என்று எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை.

பணத்தை எல்லோரும் வெறுத்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். புதுச்சேரி உட்பட மூன்று யூனியன் பிரதேசங்களில் மத்திய அரசின் பணத் திட்டத்தைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், மாதங்கள் போகப் போகப் பணமே மேல் என்றவர்கள் கூடியதைக் கண்டார்கள். வேலைக்கு லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டாம், எடைத் தகராறு இல்லை, மீன் வாங்கலாம், மாத்திரை வாங்கலாம். அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: அரசுப் பதிவில் பணம் போயிருக்கும், வாங்க வேண்டியவரோ வரவில்லை என்பார். எந்தக் கணக்கில் விழுந்தது என்பதே சிலருக்குத் தெரியவில்லை. கடையில் அரிசி வரவில்லை என்றால் திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. பாஸ்புக்கில் என்ட்ரி வரவில்லை என்றால் வங்கிக்காரர் குடிமைப் பொருள் வழங்கல் துறையைக் கைகாட்டுவார், துறை ஆதாரைக் கைகாட்டும்.

இதற்கிடையில் கடைகள் பூட்டிக் கிடந்தன. பிரதேசம் முழுக்க முன்னூறுக்கும் மேல். ஷட்டரில் போஸ்டர் ஒட்டினார்கள், படியில் காய் விற்றார்கள். ரேஷன் கடையைத் திற என்பது தேர்தல் மேடையில் தவறாமல் வரும் கோரிக்கையாகி, 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி, முதல்வர் ரங்கசாமி காலத்தில் கடைகள் மறுபடி திறந்தன. 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை.

பாரிசுக்குப் போன அண்ணன்மாருக்கு இந்தச் செய்தி வேடிக்கையாக இருந்திருக்கும். சர்க்கரைக்காகவா இவ்வளவு ஆரவாரம்? ஆரவாரம் சர்க்கரைக்காக மட்டும் இல்லை. கடை திறந்தபின் ஒரு காலையில் வரிசை ஓரமாக நின்று பார்த்தேன். வயதான அம்மா ஒருவர் பை வாயைக் கட்டுவதற்கு முன் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"இது என்னாப்பா?"

எடை போட்டவர் குனிந்து கல்லைப் பார்த்தார்.