நத்தையின் வேட்டை

1650-ஆம் ஆண்டில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு கடல் நத்தையின் ஓட்டைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். கூம்பு வடிவம், கறுப்பில் வெள்ளைத் திட்டுகள். தகட்டில் செதுக்கியது காகிதத்தில் இடம் வலமாக மாறிவிடும் அல்லவா? தம் கையெழுத்தை அதற்காகத் திருப்பிப் பொறித்த மனிதர், ஓட்டைத் திருப்பவில்லை. ஆகவே படத்தில் அதன் சுழி, இயற்கையில் இல்லாத திசையில் ஓடுகிறது. அழகை இவ்வளவு நுட்பமாகப் பார்த்தவருக்கும் உள்ளே குடியிருந்த பிராணி ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அந்தக் காலத்துச் செல்வர்கள் எல்லோரும் அப்படித்தான். உயிரை எறிந்துவிட்டு ஓட்டை அலமாரியில் வைத்தார்கள்.

அந்தப் பிராணியைப் பற்றி எழுதி வைத்தவர் ரும்பியஸ். டச்சுக் கம்பெனியின் ஊழியராக, இன்று இந்தோனேசியாவில் உள்ள அம்போன் தீவுக்குப் போனவர். 1670-ல் இரு கண்களும் குருடாகிவிட்டன. பிறர் கண்ணாலும் தம் விரலாலும் பார்த்து, சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். அவர் காலமாகி மூன்று வருஷம் கழித்து, 1705-ல், சிப்பிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதில் பாண்டா தீவின் ஓர் அடிமைப் பெண் வருகிறாள். கடலில் வலை இழுக்கும்போது ஒரு கூம்பு நத்தையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கரைக்கு நடக்கையில் உள்ளங்கையில் லேசான அரிப்பு. அது தோளுக்கு ஏறிற்று, உடம்பெல்லாம் பரவிற்று, அவள் செத்துப்போனாள். நூலில் அவள் பெயர் இல்லை.

நத்தை ஏன் கொல்ல வேண்டும்? இந்த இனத்தில் சில மீனைத் தின்பவை. ஊர்ந்து போகிற ஒன்று நீந்திப் போகிற ஒன்றைப் பிடிப்பதென்றால், துரத்திப் பயனில்லை. துதிக்கை போன்ற ஓர் உறுப்பை மெல்ல நீட்டி, அதன் நுனியிலிருந்து உள்ளே துளையுள்ள ஒரு பல்லை ஈட்டி போல மீனின் உடலில் பாய்ச்சுகிறது. குத்துப்பட்ட மீன் இரண்டு முழம் நீந்திவிட்டாலும் போதும், நத்தை பட்டினி. ஆகையால் விஷம் அந்தக் கணமே வேலை செய்தாக வேண்டும்.

இந்த விஷத்தைக் கையில் எடுத்தவர் பால்டொமேரோ ஒலிவேரா என்ற பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் படித்து, டி.என்.ஏ. இழைகளை ஒட்டும் என்சைமை 1967-ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்ற பெயருடன் மணிலாவுக்குத் திரும்பினார். அங்கே அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் இல்லை. நத்தை இருந்தது, சிறு வயதில் ஓடு பொறுக்கிய பழக்கமும் இருந்தது. லூர்டெஸ் குரூஸ் என்ற அம்மையாருடன் சேர்ந்து, விஷத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுண்டெலியின் வயிற்றில் ஊசி போட்டுப் பார்த்தார். உடலை முடக்கும் சிறு புரதங்கள் அகப்பட்டன. நாகத்தின் விஷமும் செய்கிற வேலைதான் அது; புதுமை இல்லை. பிறகு அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேலை ஏற்றபோது, நத்தையைத் தம் முக்கிய ஆராய்ச்சியாக அவர் வைத்துக்கொள்ளவில்லை, மாணவர்களுக்குக் கொடுத்தார்.

கிரெய்க் கிளார்க் என்ற மாணவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. வயிற்றில் எதற்கு, மூளையிலேயே போட்டுப் பார்த்தால் என்ன? போட்டார். வீணென்று ஒதுக்கிய பகுதிகளெல்லாம் பேச ஆரம்பித்தன. ஒன்று எலியைத் தூங்க வைத்தது, ஒன்று வட்டமடித்து ஓட வைத்தது, ஒன்று நடுங்க வைத்தது. தூக்கம் தந்த புரதம் விசித்திரமானது: இரண்டு வாரம் நிரம்பாத குட்டிகள் உறங்கின, பெரிய எலிகளோ அமைதியிழந்து ஓடின. தூங்குமூஞ்சியைக் குறிக்கும் தகாலோக் சொல்லைச் சேர்த்து அதற்குக் கோனன்டோகின் என்று பெயர் வைத்தார்கள். தாய்மொழியை விஞ்ஞானத்தில் இப்படிப் போகிற போக்கில் நுழைத்துவிட்ட துணிச்சலை நான் ரசிக்கிறேன்.

ஆக, விஷம் என்பது ஒரு பொருள் அல்ல. நூற்றுக்கு மேற்பட்ட புரதங்கள். நரம்பில் ஆயிரம் கதவுகள் உண்டென்றால், ஒவ்வொரு புரதமும் ஒரு கதவுக்கென்றே செய்த பூட்டு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அங்கே வந்து சேர்ந்த மைக்கேல் மக்கின்டாஷ் என்ற பதினெட்டு வயதுப் பையன், கோனஸ் மாகஸ் என்ற நத்தையிலிருந்து ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தான். 25 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சரடு. மீனில் அது அடைக்கிற கதவு, நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும் வழி. அதே ஜாதிக் கதவு மனிதனின் முதுகுத் தண்டில் வலியை மூளைக்கு அனுப்புகிறது. ஸிகோனோடைட் என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது. வேறெந்த மருந்துக்கும் அடங்காத வலியால் துடிப்பவர்களுக்குத் தண்டுவட நீரிலேயே செலுத்துகிறார்கள். அபின் வகை மருந்துகளைப் போல் அடிமைப்படுத்தாது; ஆனால் சிலருக்குச் சித்தத்தைக் கலக்கிவிடும்.

2015-ல் இன்னொன்று வெளிப்பட்டது. கோனஸ் ஜியோகிராபஸ் என்ற பெரிய நத்தை வாயை வலைபோல் விரித்து மீன்களைக் கூட்டமாக விழுங்கும். அந்த மீன்கள் தப்பி ஓட முயலாமல் மயங்கிக் கிடப்பதற்கு ஒரு காரணம் இன்சுலின்! ரத்தத்துச் சர்க்கரையை இறக்கி மீனைச் சோர வைக்கிறது. நத்தை தன் உடம்புக்கென்று வைத்திருக்கும் இன்சுலின் வேறு. விஷப்பையில் இருப்பது மீனின் இன்சுலினைப் போன்றது. கொத்தாகச் சேர்ந்து கிடக்கும் பகுதி அதில் வெட்டப்பட்டிருப்பதால் உடனே வேலை செய்கிறது. விரைவாகச் செயல்படும் இன்சுலினை நீரிழிவு நோயாளிகளுக்குச் செய்ய முயல்பவர்கள் இப்போது அதன் அமைப்பை ஆராய்கிறார்கள். மீனை விட்டு மற்ற நத்தைகளைத் தின்னும் கூம்பு நத்தையும் ஒன்று உண்டு. அதன் விஷத்திலும் இன்சுலின் இருக்கிறது; ஆனால் அது நத்தை இன்சுலின்.